கை நனைக்காமல் பார்த்த கார்த்தேஜ்

ஜேர்மன்காரர் ஒருமுறைதான் கேட்பார்கள். கோப்பி குடிக்கிறாயா என்று கேட்டு, வேண்டாம் என்று நாங்கள் சொன்னால், அதை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு கோப்பிப் பாத்திரத்தை மற்றப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அதில் கோபமும் இல்லை, மனக்குறையும் இல்லை. நான் பீலெஃபெல்டுக்கு வந்த புதிதில், இருக்க அறை தந்த வீட்டுக்கார அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கீழே கூப்பிட்டு, அப்பிள் கேக்கை வெட்டி மேசையில் வைத்துவிட்டு, ஒரு துண்டு தரட்டுமா என்று கேட்டார். மரியாதைக்கு "நைன்" என்றேன். முதல் தரம் வேண்டாம் என்பதும், இரண்டாம் தரம் இழுப்பதும், மூன்றாம் தரம் கையை நீட்டுவதும்தானே எங்கள் பழக்கம். அவர் தலையாட்டிவிட்டுத் தன் துண்டைச் சாப்பிடத் தொடங்கினார். இரண்டாம் தரம் வரவே இல்லை. கறுவா மணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு படியேறி அறைக்குப் போனேன்.

இப்போது நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். வைத்தியசாலை உடுப்புகள் தோய்க்கும் இடத்தில் எனக்கு வேலை. இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்பேன், இல்லை என்றால் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டுவிடுவேன். வீட்டில் மனைவி மட்டும் மாறவில்லை. அவர் கேட்பதே இல்லை, சோற்றைக் கோப்பையில் போட்டுவிடுவார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் கோடையில் கேட்பதை நிறுத்தத் தெரியாத மனிதர்கள் இருக்கும் ஒரு ஊருக்குப் போய்வந்தேன். துனிசியாவின் தலைநகர் துனிஸ். இங்கேயிருந்து ஆயிரக்கணக்கான ஜேர்மன்காரர் கடலில் குளிக்கவும் பழைய இடிபாடுகள் பார்க்கவும் அங்கே போகிறார்கள். நானும் எல்லாம் பார்த்தேன். ஆனால் நான் போனது அதற்காக அல்ல.

எங்களுக்கு ஒரே மகள், கௌசி. இங்கேயே பிறந்து, படித்து, எசன் நகரில் வேலை செய்கிறாள். தைப்பொங்கலுக்கு வந்தபோது, அனிஸ் என்ற துனிசியப் பையனைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னாள். அவன் தாதி வேலைக்கான அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, படிக்க ஜேர்மனிக்கு வந்து, அவள் வேலை செய்யும் வைத்தியசாலையிலேயே நிற்கிறான். மனைவி பொங்கல் பானையை இறக்கிவிட்டுச் சுவாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கௌசி அன்றைக்கு எசனுக்குத் திரும்பியவள், பிறகு வீட்டுக்கு வரவில்லை. பங்குனி போய், சித்திரை போய், வைகாசியில் ஒருநாள் எனக்கு மட்டும் ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா, நீங்கள் ஓமெண்டாலும் இல்லையெண்டாலும் நான் அவரைத்தான் செய்வன். ஆனா நீங்கள் ரெண்டு பேரும் இல்லாமல் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஒருக்கா வந்து அவரின்ர குடும்பத்தைப் பாருங்கோ."

மனைவியிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ. ஆனா அந்த வீட்டில கை நனைச்சிடாதேங்கோ."

எங்கள் பகுதியில் இது எல்லாருக்கும் தெரிந்த முறை. சம்பந்தம் பேசப் போனால், இரண்டு பக்கமும் சம்மதம் என்று ஆகும்வரை அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை. மனைவியின் வீட்டில் இதில் இன்னும் கடுமை, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். கை நனைத்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

"நீங்கள் அங்க சாப்பிட்டால் ஓமெண்டு எடுக்கிறன். சாப்பிடாமல் வந்தால் இல்லையெண்டு எடுக்கிறன். வேற ஒரு கதையும் எனக்குச் சொல்லவேண்டாம்" என்றார்.

இப்படி முழுப் பாரத்தையும் என் வயிற்றில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

டுசல்டோர்ஃப் விமானத்தில் என்னைச் சுற்றி ஓலைத் தொப்பிகளும் கடற்கரைப் பைகளும். என் பையில் விபூதிப் பொட்டலம், கந்தன் படம், பிஸ்கட், ரஸ்க், வாழைப்பழம். கௌசியும் அனிஸும் முதல் நாளே போய்விட்டார்கள். விமானம் கடலுக்கு மேலே திரும்பியபோது எல்லாரும் ஜன்னல் பக்கம் சரிந்து படம் எடுத்தார்கள். எனக்கு முருகனைத் தவிர வேறு ஒன்றும் நினைவில் வரவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் போய் இறங்கினேன்.

அனிஸின் தகப்பன் பெயர் ஹெடி. துனிஸ் நகரத்திலிருந்து ஏரியைக் கடந்து கடற்கரை ஊர்களுக்கு ஓடும் சின்ன ரயிலின் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். மெலிந்த, உயரமான மனிதர். தாய் நஜியா, ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவர். அவர்களுக்கு அரபியும் பிரெஞ்சும், எனக்குத் தமிழும் உடைந்த ஜேர்மனும். நடுவில் அனிஸ். அவன் என்னை "மாமா" என்று கூப்பிட்டான். கௌசி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பேச்சு முடியமுன்னமே முறை வைத்துக் கூப்பிடுகிறானே என்று நினைத்தேன்.

அவர்கள் வீடு லா குலெத் என்ற துறைமுக ஊரில். நான் போன பிற்பகல், மேசையில் துணி தெரியாமல் சாப்பாடு. நான் வேண்டாம் என்று கை காட்டினேன். நஜியா கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். நான் வயிற்றில் கை வைத்துத் தலையாட்டினேன். அவர் உள்ளே போய் ஏதோ இலையை அவித்துச் சுடச்சுடக் கொண்டுவந்தார், வயிற்றுக்கு நல்லதாம். அதையும் வேண்டாம் என்றேன். தோடம்பழச் சாறு வந்தது. தண்ணீர் வந்தது. எந்த ஜேர்மன்காரரும் இதற்குள் மேசையைத் துடைத்து முடித்திருப்பார். வேறு வழி தெரியாமல் அனிஸிடம் "இஹ் ஃபாஸ்டெ" என்றேன், விரதம் என்று.

கௌசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "புதன்கிழமை என்னப்பா விரதம்?"

"ஒரு நேர்த்தி பிள்ளை."

"சூரியன் விழும்வரையா?" என்று அனிஸ் கேட்டான். எனக்குக் கேள்வி சரியாக விளங்கவில்லை. விளங்காத இடத்தில் "யா, யா" என்பது முப்பது வருடப் பழக்கம். அவன் அரபியில் சொன்னான். நஜியா கோப்பைகளைத் துணியால் மூடினார். ஹெடி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். தப்பினேன் என்று நினைத்தேன். அலுப்பாக இருக்கிறது என்று சொல்லி ஹோட்டலுக்குப் போய், கட்டிலில் இருந்து ரஸ்க்கைத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டேன். சின்ன ஜன்னல், அதில் கடல். கலியாணம் பேச வந்த தகப்பன் தனியே இருந்து ரஸ்க் தின்பதை நினைக்க எனக்கே பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை ஹெடி என்னைப் பழைய நகரத்துக்குக் கூட்டிப்போனார். மேலே கூரை போட்ட ஒடுங்கிய தெருக்கள், ஒரு தெரு முழுக்க வாசனைத் திரவியம், இன்னொரு தெரு முழுக்கச் சிவப்புத் தொப்பி. நடுவில் ஒரு பெரிய பழைய பள்ளிவாசல். அதன் தூண்கள் பல, கார்த்தேஜ் என்ற அழிந்த நகரத்தின் இடிபாடுகளில் இருந்து கொண்டுவந்தவை என்று அனிஸ் சொன்னான். அந்தத் தூண்கள் முதலில் யாருடைய கோயிலைத் தாங்கினவோ. இப்போது இதைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன, ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பார்டோ அருங்காட்சியகம். பழைய அரச மாளிகை. ரோமர் காலத்து வீடுகளின் தரையில் சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்த படங்களைப் பெயர்த்துவந்து, பலவற்றைச் சுவரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மனிதர் மிதித்து நடந்ததை இப்போது கழுத்தை நிமிர்த்திப் பார்க்கவேண்டியிருக்கிறது. கடல் தெய்வம் ஒன்று, மீன்கள், வலை வீசுபவர்கள், ஒரு பெண் கண்ணாடி பார்க்கிறாள். வாசலில் நின்ற காவலாளி ஹெடியின் பழைய சிநேகிதர், இருவரும் கதையில் மூழ்கினார்கள். அந்த நேரம் பார்த்து நான் அடுத்த அறைக்குள் நழுவி, கடல் தெய்வத்துக்கு முதுகு காட்டி நின்று, வாழைப்பழத்தையும் நாலு பிஸ்கட்டையும் விழுங்கினேன். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹெடி என்னைப் பார்த்து, வெயில், விரதம், கஷ்டம் என்பதுபோல் கையால் காட்டினார். நான் தலையைக் குனிந்தேன். அன்றும் வெயில் சாயமுன்னமே ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சின்ன ரயிலில் நால்வரும் கார்த்தேஜுக்குப் போனோம். ஹெடி சாரதியின் கதவில் தட்டி ஏதோ பகிடி சொல்லிவிட்டு வந்தார். கௌசி அவரோடு முன்னால் இருந்தாள். மொழி இல்லாமலே இருவரும் கைபேசியில் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து ஆறு மாதம். பக்கத்தில் அனிஸ். கேட்கவேண்டியதை இப்போதே கேட்போம் என்று முருகனை நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டேன்: "என் மகள் உன் வீட்டில் விளக்கு ஏற்றலாமா? ஒவ்வொரு நாளும்? நெருப்பு, சாம்பிராணி?"

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"படுக்கை அறையிலும் நடையிலும் ரௌஹ்மெல்டர் இருக்கிறது மாமா, புகை பட்டால் கத்தும். குசினியில் இல்லை. குசினியில் ஜன்னல் பக்கம் நான் ஒரு பலகை அடித்திருக்கிறேன். அங்கேதான் இப்போதும் ஏற்றுகிறாள்."

நான் கேட்டது மதத்தை. அவன் சொன்னது புகை வந்தால் கத்தும் கருவியை. திரும்பிக் கேட்க எனக்கு ஜேர்மன் போதவில்லை. ஆனால் பலகை அடித்திருக்கிறேன் என்றானே, அது மட்டும் கார்த்தேஜில் இறங்கும்வரை காதுக்குள் நின்றது.

கடலை ஒட்டி ரோமரின் பெரிய குளிப்பு மண்டபம் ஒன்று இருந்ததாம். மேல்மாடமெல்லாம் போய், இப்போது இருப்பது நிலக்கீழ்ப் பகுதிதான். அதையே ஒரு ஊர் என்று சொல்லலாம். ஒரேயொரு தூணை மட்டும் முழு உயரத்துக்கு எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள், அந்தக் காலத்துக் கூரை எவ்வளவு உயரம் என்று சனங்கள் அறிய. அதன் நிழலில் ஒரு ஜேர்மன் தம்பதி வந்து, பிரெஞ்சில் என்னிடம் வழி கேட்டார்கள். ஊர்க்காரன் என்று நினைத்துவிட்டார்கள். நான் ஜேர்மனில் பதில் சொன்னேன். மனிதர் ஆச்சரியப்பட்டு எங்கே இருந்து என்றார். பீலெஃபெல்ட் என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பீலெஃபெல்ட் என்று ஒரு ஊரே இல்லை என்பது ஜேர்மன்காரருக்குள் ஒரு பழைய பகிடி. "இல்லாத ஊரில் இருந்து வந்திருக்கிறீர்கள்" என்றார் அந்த அம்மா. நானும் கூடச் சிரித்தேன். வீடு வாங்கியதும், பிள்ளை பெற்றதும், முடி நரைத்ததும் அந்த இல்லாத ஊரில்தான்.

திரும்பிப் பார்த்தபோது ஹெடி ஒரு உடைந்த கல்லில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. நான் ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தள்ளினார். என்னைக் காட்டினார், தன்னைக் காட்டினார், வானத்தில் சூரியனைக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. கௌசி வந்தாள். அவள் முகம் சரியில்லை.

"அப்பா, அவர் நேற்றும் பகல் முழுக்கச் சாப்பிடேல்லை. இண்டைக்கும் இல்லை. தண்ணியும் குடிக்கேல்லை."

"ஏன் பிள்ளை, சுகமில்லையோ?"

"நீங்கள் விரதமெல்லோ. வீட்டுக்கு வந்த ஆள் பட்டினி கிடக்க, தான் எப்பிடிச் சாப்பிடுறது எண்டு கேக்கிறார். நேற்றுப் பின்னேரம் சூரியன் விழ நீங்கள் சாப்பிடுவியள் எண்டு மேசை எல்லாம் வைச்சுக்கொண்டு இருந்தவை. நீங்கள் ஹோட்டலுக்கு ஓடிட்டியள். புதன்கிழமையும் அப்பிடித்தான். அந்த மனிசி அழுதவ."

நான் அந்தக் கல்லிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் பிஸ்கட் பொட்டலம் சரசரத்தது.

"உண்மையைச் சொல்லுங்கோ, அவை முஸ்லிம் ஆக்கள் எண்டுதானே சாப்பிடேல்லை?"

"இல்லை பிள்ளை" என்றேன். கை நனைக்கும் கதையைச் சொன்னேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்பிடி ஒண்டு இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது? சாப்பிட்டால் ஓம், சாப்பிடாட்டி இல்லை. வாயால சொல்லேலாதோ உங்களுக்கு?"

எங்களுக்கு ஏலாதுதான். பெரிய விஷயங்களை நாங்கள் வாயால் சொல்லிப் பழகவில்லை. அவள் கேட்ட முதல் கேள்விக்கு நான் சொன்ன "இல்லை" முழுக்க உண்மையா என்று அந்தக் கல்லில் இருந்தபடி என்னையே கேட்டுப் பார்த்தேன். கந்தன் சாட்சியாக, முழுக்க என்று சொல்ல நா எழவில்லை.

நடுப்பகலில் ஹெடி வெள்ளித் தொழுகைக்குப் போனார். கௌசியும் அனிஸும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். நான் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நிழலில் இருந்தேன். எனக்கும் வெள்ளிக்கிழமை பெரிய நாள். பீலெஃபெல்டில் என்றால் இந்நேரம் மனைவி விளக்கு மினுக்கி வைத்திருப்பார். பையில் பிஸ்கட் இருந்தது, வயிறு காந்தியது, பார்க்க ஒருவரும் இல்லை. எடுக்கவில்லை. நான் சொன்ன பொய்யை மெய்யாக்குவதைத் தவிர அந்த மனிதருக்குச் செய்ய வேறொன்றும் தோன்றவில்லை. அந்த மதிலோரம்தான் என் விரதம் தொடங்கியது.

பின்னேரம் சிடி பூ சயிட் என்ற மலை ஊருக்கு ஏறினோம். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கதவில் ஆணியால் கோலம். உலகம் முழுவதிலும் இருந்து வந்தவர்கள் அந்தக் கதவுகளுக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். மல்லிகை மொட்டுகளை ஈர்க்கில் கட்டிக் கொத்தாக விற்கிறார்கள். பூ வைத்துக்கொள்வது அங்கே ஆண்களும்தான், காதுக்கு மேலே செருகிக்கொள்கிறார்கள். ஹெடி ஒன்றை வாங்கி என் காதில் வைத்தார். கௌசி எங்கள் இருவரையும் படம் எடுத்தாள். கொஞ்சம் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

கடலைப் பார்த்த படிக்கட்டில் நாங்கள் இரண்டு கிழவர்களும் உட்கார்ந்தோம். கீழே படகுகள். பேச ஒரு மொழியும் இல்லை. அவர் வெளிச்சத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். எங்கேயோ மாலைத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. அவர் கைலேஞ்சியை விரித்தார், உள்ளே பேரீச்சம்பழம். ஒன்றை எடுத்துப் பிளந்து, கொட்டையை நீக்கி, தான் சாப்பிடாமல் என்னிடம் நீட்டினார்.

இது வீடு இல்லை, தெருப் படிக்கட்டு, முறைக்குள் வராது என்று ஒரு மனம் சொன்னது. அப்படிச் சட்டம் பேசி அந்தப் பழத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை. மகளைக் கொடுக்கிறேன் என்று தெரிந்தே வாங்கினேன். முருகா என்று வாயில் போட்டேன்.

லா குலெத்துக்குத் திரும்பும் ரயிலில் அனிஸை நடுவில் வைத்து ஹெடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் இல்லை, எங்கள் முறை இது, பார்டோவில் ஒளித்து நின்று தின்றேன். அனிஸ் மொழிபெயர்க்கப் பெயர்க்க அவனுடைய காது சிவந்தது. ஹெடி கடைசிவரை கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"பிஸ்கட் மிச்சம் இருக்கா என்று கேட்கிறார்" என்றான் அனிஸ்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் நொறுங்கிப் போயிருந்தது. அவர் தூளைக் கையில் கொட்டி வாயில் போட்டு, தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை. எதிரே இருந்தவர்கள் எங்களை விசரர் என்று நினைத்திருப்பார்கள்.

நஜியா வாசலிலேயே நின்றார். செய்தி ரெலிபோனில் போய்விட்டது. "மூன்று நாளாகப் பூட்டின கடைக்கு முன்னால் நின்ற மாதிரி இருந்தது எனக்கு" என்றாராம். குஸ்குஸ், கோதுமையில் செய்த குருணல் போன்ற சோறு, மேலே பூசணிக்காயும் கடலையும் மட்டும், இறைச்சி மீன் ஒன்றும் இல்லை. பக்கத்தில் அதைச் சமைத்த புதுச் சட்டி, கைப்பிடியில் கடைக்காரன் ஒட்டிய துண்டு இன்னும் உரிக்கப்படவில்லை. நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவர் கேட்டதற்கெல்லாம் முதல் தரத்திலேயே ஓம் என்றேன்.

பீலெஃபெல்ட் வீட்டுக் கதவைத் திறந்த மனைவி, பையைக்கூட வாங்காமல் கேட்டார்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

பையை வாங்கிக் கீழே வைத்தார். "என்ன சாப்பிட்டனீங்கள்?"

"முதல் பேரீச்சம்பழம்."

"பழம்தானே. பழம் கணக்கில்லை."

"பிறகு சோறு மாதிரி ஒண்டும் சாப்பிட்டனான்."

"இறைச்சி மீன் காய்ச்சின மச்சச் சட்டியில சமைச்சதோ?"

"இல்லையப்பா. எங்களுக்கெண்டு புதுச்சட்டி வாங்கி வைச்சிருந்தவ."

"புதுச்சட்டியோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அழுதாரோ, சாமியைக் கும்பிட்டாரோ தெரியாது. அன்று இரவு கௌசிக்கு ரெலிபோன் எடுத்தார். முதலில் கேட்டது, அந்தச் சட்டி என்ன அளவு என்று.

போன வெள்ளிக்கிழமை பூசை முடித்துவிட்டுப் பல்கனிக்கு வந்தேன். எங்கள் வெள்ளி விரதத்துக்குச் சூரியன் விழவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. பூசை முடிந்தால் சாப்பிடலாம். "ஏனப்பா, சோறு ஆறுது" என்று மனைவி கூப்பிட்டார். ஒருமுறை, இரண்டு முறை. நான் அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமையே பிறந்திருக்கும். லா குலெத்தில் இருட்டி, ஹெடி சாப்பிட்டு எழும்பியிருப்பார். இங்கே மட்டும் கோடை வெயில் முன்வீட்டுக் கூரையில் இறங்க மனமில்லாமல் நின்றது. பசியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.